பின்னால் நிற்கிற அண்ணன்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எல்லோரும் போகிற வழி அடிவாரம் வழி. 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு குரங்குக் கூட்டம். இன்னொரு வழியும் இருக்கிறது. குப்பனூரில் மலையேறி, கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்குப் போகிற வழி. கொட்டச்சேட்டில்தான் என் அண்ணன் இருக்கிறார். இருந்தும் அந்த வழியில் நான் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த முறை போனபோது, கோடை மழை ஒன்று பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. காப்பிச் செடிக்கு அந்த ஒரு மழை போதும். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் பூத்துவிடும். கிளையெல்லாம் வெள்ளை வெளேரென்று, கிட்டத்தட்ட மல்லிகை வாசனை. மூன்று நாள்தான், பிறகு பழுப்பாகி உதிர்ந்துவிடும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அந்த வாசனையை இழுத்துக்கொண்டே நடந்தவன், அண்ணன் வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே யாரோ கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏ மைனர், எஃப், சி, ஜி. கூடவே செல்போனில் ஓர் ஆங்கிலப் பாட்டு. 'ஹேவ் யூ எவர் சீன் த ரெயின்'. 47 வருஷத்துக்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் நானும் அண்ணனும் தேய்த்துத் தேய்த்துப் பழகிய பாட்டு.

வாசித்தது அண்ணனின் பேரன். பிளஸ் ஒன் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தான். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் காய்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காப்பித் தோட்டத்தில் ரைட்டராக 30 வருஷம் வேலை பார்த்தவர். கையெழுத்து மாதிரியே ஆளும் நேராக இருப்பார்.

"வாடா" என்றார். எங்களுக்குள் அதற்கு மேல் பேச்சு வளர்வதில்லை. கல்யாணம், காரியம் எல்லாவற்றிலும் பார்த்துக்கொள்வோம். உடம்பு எப்படி, பையன் எங்கே, மழை உண்டா. அவ்வளவுதான். பாட்டைப் பற்றி மட்டும் 1983-க்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

பையனுக்கு இதெல்லாம் தெரியாது. "சின்ன தாத்தா, இந்த பேண்ட்ல ரெண்டு பேரு அண்ணன் தம்பியாமே? உங்களுக்குத் தெரியும்னு தாத்தா சொன்னாரு" என்றான்.

அண்ணன் மிளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். சுருக்கமாக சி.சி.ஆர். ஊர், கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ. அண்ணன் டாம் ஃபோகர்ட்டி, 1941-ல் பிறந்தவர். தம்பி ஜான், 1945. பள்ளிக்கூடத்தில் ஜானும், டக் கிளிஃபோர்ட், ஸ்டூ குக் என்ற இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து 1959-ல் ஒரு சின்னக் குழு ஆரம்பித்தார்கள். அப்போது ஏரியாவில் பேர் தெரிந்த பாடகர் அண்ணன் டாம்தான். அவருக்குப் பின்னால் இந்தப் பொடியன்கள் வாசித்தார்கள். குழுவின் பேரே 'டாமி ஃபோகர்ட்டி அண்ட் த புளூ வெல்வெட்ஸ்'. அண்ணன் பேர் முன்னால், மற்றவர்கள் பின்னால்.

சில வருஷத்தில் தம்பிக்குக் குரல் உடைந்து ஒரு கரகரப்பு வந்தது. தொண்டையில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு குரல். அதைக் கேட்ட அண்ணன் ஒரு காரியம் செய்தார். மைக்கை விட்டுவிட்டுப் பின்னால் போய் ரிதம் கிதாரை எடுத்துக்கொண்டார். எனக்குப் பாட வரும், ஆனால் அவனிடம் ஒரு 'சவுண்ட்' இருக்கிறது என்று பிற்பாடு டாம் சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று பாட்டுக் கோஷ்டியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

1968-ல் புதுப் பேரோடு முதல் ஆல்பம். 1969-ல் மட்டும் மூன்று ஆல்பங்கள். ஒரே வருஷத்தில் மூன்று! 'பிரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'கிரீன் ரிவர்' என்று வரிசையாக ஹிட். ஆனால் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இவர்களுடைய ஐந்து ரெக்கார்டுகள் இரண்டாம் இடம் வரைக்கும் போயின, முதலிடம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அதே வருஷம் வுட்ஸ்டாக் விழாவில் இவர்கள் மேடையேறும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. ஜனம் பாதி தூக்கத்தில். நம்ம ஊர்த் திருவிழாவில் மூன்றாவது கோஷ்டிக்கு நேர்கிற கதிதான்.

"அப்படி என்ன ஸ்பெஷல் அவங்க பாட்டுல?" என்றான் பையன்.

ஸ்பெஷல் என்னவென்றால், ஸ்பெஷலாக எதுவும் செய்யாததுதான். அந்தக் காலத்தில் பக்கத்து சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பாட்டை அரை மணி நேரம் இழுப்பார்கள். இவர்கள் பெரும்பாலும் மூன்று நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்கள். இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். மூன்று நாலு கார்டு. பல்லவி வருவதற்கு முன்பே, கிதாரில் வருகிற முதல் நாலு சுரத்திலேயே என்ன பாட்டு என்று தெரிந்துவிடும். பாடுவதெல்லாம் தெற்கே லூசியானா பக்கத்து ஆறு, சதுப்பு நிலம், படகு, ஏழை ஜனம். பிறந்து வளர்ந்ததோ கலிஃபோர்னியா. மெட்ராஸில் இருந்துகொண்டு கரிசல்காட்டுப் பாட்டு கட்டுகிற மாதிரி. ஆனால் கேட்டால் மண் ஒட்டும். 'ஃபார்ச்சுனேட் சன்' என்று 1969-ல் ஒன்று போட்டார்கள். வியட்நாம் போருக்கு ஏழை வீட்டுப் பிள்ளை போகிறான், பெரிய இடத்துப் பிள்ளை தப்பித்துக்கொள்கிறான் என்ற கோபம்தான் பாட்டு. இரண்டு நிமிஷம் சொச்சம். அதற்குள் ஒரு கட்சிக் கூட்டமே முடிந்துவிடும்.

இதிலெல்லாம் டாமின் வேலை என்ன? தடம் மாறாமல் ரிதம் போடுவது. ரயிலுக்குத் தண்டவாளம் மாதிரி. தண்டவாளத்தை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

பாட்டு எழுதுவது, மெட்டு, பாடுவது, லீட் கிதார், ரெக்கார்டிங்கில் யார் எதை எப்படி வாசிக்க வேண்டும் என்பது, கணக்கு வழக்கு எல்லாமே தம்பி கைக்குப் போய்விட்டது. அண்ணனுக்கு ஒரு பாட்டாவது பாட வேண்டும், ஒன்றாவது எழுத வேண்டும் என்று ஆசை. தம்பி இடம் கொடுக்கவில்லை. 1971 தொடக்கத்தில் டாம் விலகிவிட்டார். மழை பற்றிய அந்தப் பாட்டு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். வெயில் அடிக்கும்போதே பெய்கிற மழை. புகழின் உச்சியில் இருக்கும்போது குழு உடைவதைத்தான் அப்படி எழுதினேன் என்று ஜான் சொல்லியிருக்கிறார். அண்ணன் போன ஒன்றரை வருஷத்தில், 1972 அக்டோபரில், குழுவே கலைந்துவிட்டது.

பிறகு ரெக்கார்டு கம்பெனியோடு ஜானுக்குச் சண்டை. அண்ணன் கம்பெனிக்காரர் பக்கம் நின்றார். தம்பிக்கு அது ஆறாத காயம். பழைய பாட்டுகளையே பாட மாட்டேன் என்று 1987 வரை வீம்பாக இருந்தார். ஜானின் புதுப் பாட்டு ஒன்று அவருடைய பழைய பாட்டு மாதிரியே இருக்கிறது என்று கம்பெனி வழக்குப் போட்ட கூத்தும் நடந்தது. தன்னையே தான் காப்பியடித்துவிட்டதாக ஒரு மனுஷன் மேல் கேஸ்! 1988-ல் ஜான் சாட்சிக் கூண்டில் கிதாரோடு ஏறி வாசித்துக் காட்டி ஜெயித்தார்.

1980-ல் டாமின் கல்யாணத்தில் மட்டும் நாலு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். அது ஒரு நாள் கூத்து. முதுகு ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்தின் மூலம் டாமுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1990 செப்டம்பர் 6 அன்று இறந்துபோனார். வயது 48.

"கடைசியில பேசிக்கிட்டாங்களா?" என்றான் பையன்.

"மனசு விட்டுப் பேசிக்கல."

இரங்கல் கூட்டத்தில் ஜான் பேசினார். சின்ன வயதில் நாங்கள் பெரியவர்களாக வளர வேண்டும், பாட்டுக்காரர்களாக வேண்டும் என்று ஆசைப்பட்டோம், அதில் பாதி பலித்தது, வளர்வது மட்டும் நடக்கவில்லை என்கிற அர்த்தத்தில். 2025-ல் ஜானுக்கு 80 வயது நிறைந்தது. தன் மகன்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதே பாட்டுகளைப் பாடுகிறார்.

பையன் கிதாரைக் கீழே வைத்துவிட்டான். திண்ணையில் மிளகு முறத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"நம்ம பக்கத்துலயும் ஒரு அண்ணன் தம்பி கோஷ்டி இருந்துச்சே. அதையும் சொல்லு அவனுக்கு. அது நல்ல கதை."

பாவலர் பிரதர்ஸ்.

பண்ணைப்புரத்து வரதராசன் மூத்தவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட்டுக்காரர், பாட்டுக் கட்டுகிறவர். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ராசய்யா அண்ணன் கூட மேடையேறியபோது 14 வயது. ராக் இசைக்கு எலெக்ட்ரிக் கிதார் என்றால் இவர்களுக்கு ஆர்மோனியம். கூட தபலா, பிறகு கிதார். உத்தி ஒன்றுதான். ஜனத்துக்கு ஏற்கெனவே மனப்பாடமான சினிமா மெட்டை எடுத்துக்கொள்வது, வார்த்தையை மட்டும் மாற்றுவது. மெட்டு தெரிந்தது என்பதால் காது முழுக்க வார்த்தையில் நிற்கும். விலைவாசி, பஞ்சம், ஆளுங்கட்சியைக் கிண்டல் எல்லாம் அதில் ஏறிப் போகும். கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் 1958-ல் நடந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் வரதராசனின் பாட்டு பெரிய பலம். அங்கே கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

வரதராசன் கண்டிப்பான அண்ணன். ஆர்மோனியத்தைத் தொட்டால் அடி விழும் என்று இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன் வெளியூர் போகும் நாட்களில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியவர் அவர். ஆரம்பத்தில் பெண் குரலில் பாடிக்கொண்டிருந்த ராசய்யாவுக்குக் குரல் உடைந்தது. ஃபோகர்ட்டி தம்பிக்கு குரல் உடைந்தபோது பாடகன் கிடைத்தான். இங்கே குரல் உடைந்தபோது ஆர்மோனியக்காரன் கிடைத்தான். அடித்த அண்ணனே அந்தப் பெட்டியைத் தம்பி கையில் விட்டார். பத்து வருஷம் ஊர் ஊராகப் போய் வாசித்ததுதான் இளையராஜாவின் முதல் கல்லூரி.

1968 வாக்கில் தம்பிகள் மெட்ராஸுக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, சலீல் சௌத்ரிக்குக் கிதார். பஞ்சு அருணாசலம் மூலமாக 1976-ல் 'அன்னக்கிளி'. பிறகு 1982-ல் 'சகலகலா வல்லவன்' படத்தில் 'இளமை இதோ இதோ' போட்டார். புத்தாண்டு ராத்திரி 12 மணிக்கு அதைப் போடாத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா?

தம்பி தொட்ட உயரத்தை முழுசாகப் பார்க்க வரதராசனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் தம்பிகள் படம் எடுக்க ஆரம்பித்தபோது கம்பெனிக்கு வைத்த பேர் பாவலர் கிரியேஷன்ஸ். பாஸ்கர் தயாரித்து 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அந்தப் பேரில்தான் வந்தது. கடைக்குட்டி அமர்சிங்தான் கங்கை அமரன். 'பதினாறு வயதினிலே'யில் 'செந்தூரப்பூவே' எழுதியவர், பிறகு தானே இசையமைத்தார், 'கரகாட்டக்காரன்' எடுத்தார். இளையராஜாவும் அவரும் இடையில் பல வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்ததும், 2022 பிப்ரவரியில் சந்தித்துச் சேர்ந்ததும் ஊருக்கே தெரியும். அந்த ஃபோட்டோவைப் பத்திரிகையில் பார்த்த அன்று நான் வெகுநேரம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டச்சேட்டுக்குப் போன் போடவில்லை.

இப்போது எங்கள் கதை.

அண்ணனுக்கு செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலை. 1978-ல் ஏற்காட்டில் போர்டிங் ஸ்கூலில் படிக்கிற பையன் ஒருவன் டேப் ரெக்கார்டரைச் சரி பண்ணக் கொடுத்துவிட்டுப் போனான். மான்ட்ஃபோர்ட் மாதிரிப் பள்ளிக்கூடங்கள் மலை மேல் இருந்ததால் சேலத்துக்கு இந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் மலையிலிருந்துதான் இறங்கி வரும். ரெக்கார்டருக்குள் இருந்த கேசட்டில் சி.சி.ஆர். அண்ணன் அதை ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பி எடுத்துவிட்டார். கல்கத்தா கிதார் ஒன்று செகண்ட்ஹேண்டில் வாங்கினார். பாங்கோஸுக்கு ஒருத்தன், ஆர்கனுக்கு ஒருத்தன். மெல்லிசைக் குழு ரெடி. 'அன்னக்கிளி' பாட்டும் 'பிரவுட் மேரி'யும் ஒரே மேடையில்.

பாடகர் அண்ணன்தான். நான் மராக்காஸ் ஆட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன். அம்மாபேட்டையில் ஒரு கோயில் பண்டிகைக்கு அண்ணனுக்குத் தொண்டை கட்டி, என்னைப் பாடச் சொன்னார். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. அடுத்த கச்சேரியிலிருந்து நோட்டீஸில் என் பேர் முதலில். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரே பிரஸ்ஸில் மாற்றிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவர் பின்னால், ரிதம்.

1983 மே மாதம், நாமக்கல்லில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. அதே நாள் கோயம்புத்தூரில் ஒரு பெரிய மெட்ராஸ் கோஷ்டியில் பாட எனக்குக் கூப்பாடு வந்தது. "போயிட்டு வாடா, நான் சமாளிச்சுக்கிறேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தால் இது கதையே இல்லை. நான் அவரிடம் சொல்லவே இல்லை. விடியற்காலை பஸ் ஏறிவிட்டேன். பிறகு மெட்ராஸ், நாலு வருஷம் கோரஸ், ஒரு பாங்க் வேலை. ஃபோகர்ட்டிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேனே, ஏன் என்று நினைக்கிறீர்கள்? எந்த இடத்தில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது என்று தேடித்தான்.

நான் போன பிறகு அண்ணன் கோஷ்டியைக் கலைத்துவிட்டு கொட்டச்சேட்டுக்கு வேலைக்கு வந்துவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கிதாரை எங்காவது பரண் மேல் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அண்ணியிடம் கேட்டேன். "பழைய கிதார் என்ன ஆச்சு அண்ணி?"

அண்ணி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது அப்பவே போச்சு தம்பி. நாமக்கல்லுல அன்னிக்கு இவரே பாடிப் பாத்திருக்காரு. சத்தம் போட்டு நிறுத்திட்டாங்களாம். அட்வான்ஸோட சேத்து நஷ்டமும் கேட்டாங்களாம். கிதாரையும் ஆம்ப்ளிஃபயரையும் அங்கயே குடுத்துட்டு வெறுங்கையோட வந்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. 40 வருஷமாச்சு, இனிமே என்ன சத்தியம்?"

சோறு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கக் காப்பிப் பூ வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது.

காலையில் எழுந்து வெளியே வந்தேன். அண்ணன் பேரனின் கிதாரை மடியில் வைத்து முறுக்கேற்றிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் மிளகு விற்ற காசில் அவர்தான் வாங்கிக் கொடுத்தாராம். கார்டு சொல்லிக் கொடுத்ததும் அவர்தானாம். பையன் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பாடறியா?" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

சி-யில் எடுத்தார். பழைய சுருதி. இரண்டாவது வரியில் மேலே போக முடியாமல் எனக்குக் குரல் கம்மிவிட்டது. 65 வயதுத் தொண்டை. நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையை நகர்த்தி வேறு கார்டு பிடித்தார்.

"ஏ-க்கு இறக்கிட்டேன். இப்ப உனக்கு இதான் சரியா வரும்."

"அண்ணா, அன்னிக்கு நாமக்கல்லுல..." என்று ஆரம்பித்தேன்.

"பேசிட்டே இருந்தா எப்படி? பையன் காத்துட்டு இருக்கான்" என்றார். கட்டை விரலால் கிதார்க் கட்டையில் தட்டினார். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

முதல் தடவை எடுப்பைத் தவறவிட்டுவிட்டேன். ரிதத்தை நிறுத்தாமல் அவர் மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.